பைக்கும் தோலுக்கும் நடுவில்: ஒரு சின்ன இடைவெளியின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

எனக்கு மாமா முறையான ஒருவர். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம் என்றார். பெருங்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்து ஒபரேஷன் செய்து, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றில் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். மலம் அதன் வழியாக ஒட்டுப்பையில் சேரும். வெளியே தெரியும் அந்தச் சிவந்த குடல்வாயை டொக்டர்மார் ஸ்டோமா என்பார்கள். பெருங்குடலிலிருந்து எடுத்தால் கொலொஸ்டமி, சிறுகுடலிலிருந்து எடுத்தால் இலியொஸ்டமி. மாமாவுடையது இரண்டாவது வகை.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் மாமா ஜும்ஆவுக்கு வந்தார். இரண்டாவது ரக்அத் ஸுஜூதில் பை ஒரு பக்கத்தால் விட்டுக் கசிந்துவிட்டது. ஸலாம் கொடுத்ததும் யாரையும் பாராமல் எழும்பிப் போனவர், அதற்குப் பிறகு ஐந்து மாதம் பள்ளிப் பக்கமே வரவில்லை. கலியாணம், ஜனாஸா, ஒன்றுக்கும் இல்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "மகன், பள்ளிய நஜீஸாக்கிப் போட்டன். இனி என்னால ஏலா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் படிப்பிப்பது வரலாறு. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கசிவு மாமாவுக்கு மட்டும் வந்ததா, முன்னைய மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். கிடைத்தது நான் எதிர்பார்த்ததை விடப் பெரிய கதை.

முதலில் நம் வீட்டுப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் நாட்டு மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஷாபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' உங்களுக்குத் தெரியும். எழுதியவர் சிரியாவின் நவா ஊரைச் சேர்ந்த இமாம் நவவி (ரஹ்), 1277இல் வபாத்தானவர். அதில் வுழூவை முறிப்பவற்றைச் சொல்லும் இடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது: ஒருவருடைய இயற்கையான வழி அடைபட்டு, இரைப்பைக்குக் கீழே வேறொரு துவாரம் திறந்து அதனால் மலம் வெளியானால் வுழூ முறியுமா? முறியும் என்கிறார். துவாரம் இரைப்பைக்கு மேலே இருந்தால் என்ன, இயற்கை வழி அடைபடாமலே இன்னொன்று திறந்தால் என்ன என்றெல்லாம் பிரித்துப் பேசுகிறார். ஐரோப்பாவில் ஒரு டொக்டர் கத்தியால் அப்படி ஒரு வழியைத் திறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் எழுதியது இது. காயத்தாலோ கட்டி உடைந்தோ குடல் வயிற்றில் திறந்துகொண்ட மனிதர்கள் எக்காலத்திலும் இருந்திருப்பார்கள். அவர்களும் தொழுதிருப்பார்கள், கேள்வி கேட்டிருப்பார்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இன்னொரு சட்டம். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) தொடர் உதிரப்போக்கு பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி புஹாரியில் இருக்கிறது. அதை ஆதாரமாக வைத்து, நிற்காமல் ஏதாவது வெளியாகிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு ஷாபிஈ இமாம்கள் ஓர் ஒழுங்கு சொன்னார்கள்: இடத்தைக் கழுவு, பஞ்சு வை, துணியால் இறுக்கிக் கட்டு, வக்து வந்த பிறகு வுழூ செய், தாமதிக்காமல் தொழு, அடுத்த பர்ளுக்கு மீண்டும் செய். கழுவுதல், அடைத்தல், கட்டுதல். இதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கசிவைத் தடுக்கும் செய்முறையாக அதை நான் பார்த்தது மாமாவுக்குப் பிறகுதான்.

(இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக "இந்த ஒபரேஷனையும் அல்-ஸஹ்ராவிதான் கண்டுபிடித்தார்" என்று எழுதிவிடுவார்கள். இல்லை. குர்துபாவின் அந்தப் பெரிய மனிதர் குடல் காயங்களை மூடுவது பற்றி எழுதினார், எறும்பின் தாடையால் குடலைக் கவ்வ வைக்கும் முறையையும் குறிப்பிட்டார். குடலை வெளியே எடுத்து வைக்கும் ஒபரேஷன் அவருடையது அல்ல. அவருக்குப் பெருமை சேர்க்க நாம் பொய் சொல்லத் தேவையில்லை.)

அந்த யோசனை பிரான்ஸில் பிறந்தது. 1710இல் அலெக்ஸிஸ் லித்ரே என்ற மருத்துவர், ஆசனவாய் திறக்காமல் பிறந்து இறந்துபோன ஒரு குழந்தையின் உடலைப் பரிசோதித்துவிட்டு, குடலை வயிற்றில் திறந்துவிட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமே என்று சொன்னார். அதைச் செய்து பார்க்கும் துணிவு ஒருவருக்கு வர 66 வருடம் எடுத்தது. 1776இல் ரூவான் நகரில் பில்லோர் என்ற சத்திரசிகிச்சை மருத்துவர், புற்றுநோயால் குடல் அடைபட்ட ஒரு மதுவியாபாரிக்குப் பெருங்குடலின் தொடக்கத்தைத் திறந்துவிட்டார். திறந்த வாய் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒபரேஷனுக்கு முன்னர் அடைப்பைத் தள்ளட்டும் என்று நோயாளிக்கு இரண்டு இறாத்தல் பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். அது சிறுகுடலில் தங்கி அதை அழித்துவிட்டது. 28ஆம் நாள் மனிதர் இறந்துபோனார்.

அந்த 28 நாளும் மலத்தை எதில் பிடித்தார்கள்? ஒரு கடற்பஞ்சை வைத்து, இழுபடும் பட்டியால் கட்டினார்கள். அடை, கட்டு. ஐந்து நூற்றாண்டுக்கு முந்திய பிக்ஹு புத்தகத்தின் அதே இரண்டு வேலைகள்.

1793இல் பிரெஸ்ட் நகரில் டியூரே என்பவர் பிறந்து மூன்றே நாளான ஓர் ஆண் குழந்தைக்கு இதைச் செய்தார். அந்தப் பிள்ளை 45 வருடம் வாழ்ந்தது. அதே காலத்தில் பிரான்ஸில் ஒரு விவசாயி கூரான கட்டையில் விழுந்து வயிறு கிழிந்து, குடல்வாய் வைக்கப்பட்டவர். 80 வயதைத் தாண்டி வாழ்ந்தார். அவர் ஒரு சின்னத் தோல்பையை நாடா போட்டுக் கட்டி அதில் மலத்தைச் சேர்த்தார் என்று குறிப்பு இருக்கிறது. நமக்குத் தெரிந்தவரை மனித வரலாற்றின் முதல் 'பேக்' அதுதான்.

மருத்துவ வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எந்த இடத்தில் வெட்டுவது, எப்படித் தைப்பது என்பது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். அந்த மனிதர் அடுத்த நாள் காலையில் எப்படி உடுப்புப் போட்டார், எப்படிச் சந்தைக்குப் போனார் என்பது ஒரு வரிதான். 19ஆம் நூற்றாண்டு முழுக்க நிலைமை இதுதான்: துணி, பஞ்சு, கட்டு, சில கிண்ணங்கள், பெல்ட். பிறகு றப்பர் பை வந்தது. மணம் போகாது, தோலோடு ஒட்டவும் ஒட்டாது.

ஒட்ட வைத்தவர் ஒரு நோயாளி. 1920களில் அமெரிக்காவின் சிக்காகோவில் டொக்டர் அல்பிரட் ஸ்ட்ரோஸிடம் இலியொஸ்டமி செய்துகொண்ட கோனிக் என்ற இரசாயனவியல் மாணவர். றப்பர் பைக்கு ஒரு தட்டை முகப்பை வைத்து, அதை இறப்பர்ப் பால் பசையால் தோலிலேயே ஒட்டிக்கொண்டார். ருட்சன் என்பவர் அதைச் செய்து விற்றார். ஒரு மாணவன் தன் வயிற்றுக்காகச் செய்த வேலை அது. டொக்டர்மார் இத்தனை காலமும் கட்டு எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்தான் கசிவு நடக்கும் சரியான இடத்தை, தோலும் பையும் சந்திக்கும் விளிம்பைப் பார்த்தார்.

ஆனாலும் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீர் போல இருக்கும். அதில் இறைச்சியைக் கரைக்கும் செரிமான நீர் இன்னும் உயிரோடு இருக்கும். தோலில் பட்டால் தோலையும் அப்படியே கரைக்கும். தோல் புண்ணானால் ஈரம் கசியும், ஈரமான தோலில் பசை ஒட்டாது, ஒட்டாவிட்டால் மேலும் கசியும், மேலும் புண்ணாகும். மாமாவின் வயிற்றைப் பார்த்தபோது அந்தச் சக்கரம் எனக்கு விளங்கியது. தேங்காய்ச் சிரட்டை அளவுக்குச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. அவர் யாரிடமும் காட்டவில்லை, மாமியிடம் கூட.

அந்தச் சக்கரத்தை உடைத்த இரண்டு விஷயங்கள் 1952ஐ ஒட்டி வந்தன. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரையன் புரூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குடல்வாயைத் தோல் மட்டத்தில் விடாமல், சட்டைக் கை மடிப்பது போல உள்பக்கத்தை வெளியே புரட்டித் தைத்தார். இப்போது குடல்வாய் ஒரு சிறு பீலி போல நீட்டிக்கொண்டு நிற்கும், மலம் தோலில் வழியாமல் நேரே பைக்குள் விழும். இன்றும் உலகம் முழுவதும் செய்வது அந்த முறையைத்தான்.

மற்றது அமெரிக்காவின் கிளீவ்லண்டில். ரூபர்ட் டேர்ன்புல் என்ற டொக்டர், பொய்ப்பற்களை ஈறில் ஒட்டப் பயன்பட்ட காராயா பிசின் தூளைக் கவனித்தார். ஈரம் பட்டால் மற்றப் பசைகள் விட்டுவிடும். இது ஈரத்தைக் குடித்துக் களியாகி இன்னும் நன்றாக ஒட்டும். புண்பட்ட தோலுக்கு இதை விட என்ன வேண்டும்? அந்தப் பிசின் இந்தியக் காட்டு மரம் ஒன்றிலிருந்து வடிவது. மரத்தைக் கீறிப் பிசின் எடுத்த அந்தக் காட்டு மக்களுக்கு, அது எங்கே போய் யாருடைய வயிற்றைக் காப்பாற்றியது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டேர்ன்புல் செய்த இன்னொரு வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1954இல் அவரிடம் இலியொஸ்டமி செய்துகொண்ட நோர்மா கில் என்ற பெண், தான் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்று ஏனைய நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1958இல் டேர்ன்புல் அவரை ஆஸ்பத்திரியில் வேலைக்கே எடுத்தார். அவர் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. 1961இல் இருவரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் உள்ள ஸ்டோமா நேர்ஸ்மாரின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதே 1954இல் டென்மார்க்கில் இன்னொரு பெண். எலிஸ சோரன்சன், தொழில் நேர்ஸ். அவருடைய தங்கச்சி தோராவுக்கு இளம் வயதிலேயே ஸ்டோமா வைத்திருந்தார்கள். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தோரா வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இந்த வரியை வாசித்தபோது நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். எங்கேயோ குளிர் நாட்டில் ஒரு தோரா, இங்கே எங்கள் தெருவில் மாமா. எலிஸ தங்கச்சிக்காக மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஒட்டும் வளையம் வைத்து, ஒரு தடவை பாவித்து வீசக்கூடிய பை ஒன்றை யோசித்தார். பிளாஸ்டிக் தொழிற்சாலை வைத்திருந்த லூயிஸ்-ஹன்சன் என்பவர் முதலில் மறுத்துவிட்டார். அவருடைய மனைவியும் ஒரு நேர்ஸ். அவர் இதன் அருமையை உணர்ந்து கணவரைச் சம்மதிக்க வைத்தார். 1957இல் தொடங்கிய அந்தக் கம்பனிதான் இன்று பாமஸிகளில் பேர் காணும் கொலோபிளாஸ்ட்.

காராயா வெப்பத்தில் உருகும், சிலருக்கு எரியும். 1970களில் அதன் இடத்தை வேறொரு கலவை பிடித்தது. அதுவும் வாயிலிருந்து வந்ததுதான்: வாய்ப்புண்ணில் பூச, எச்சில் ஈரத்திலும் ஒட்டி நிற்கும் ஒரு மருந்துப் பசை. ஜெலட்டின், பெக்டின், செலுலோஸ் பசை மூன்றையும் றப்பர் போன்ற ஒரு பொருளோடு பிசைந்து தட்டையாக்கினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே தோலைக் காக்கும். இன்றைய ஒட்டுத் தட்டுகளின் அடிப்படை இதுதான்.

ஜெலட்டின் என்றதும் கேள்வி வரும், வர வேண்டியதும்தான். எந்த மிருகத்தினுடையது என்று பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது. ஜெலட்டின் சேராத தட்டுகளும், சிலிகனால் ஆன வளையங்களும் இருக்கின்றன. கம்பனிக்கு எழுதிக் கேட்கலாம். வேறு வழியில்லாத நோயாளிக்கு என்ன சட்டம் என்பதை மௌலவிமாரிடம் கேளுங்கள், என்னிடமோ பேஸ்புக்கிலோ அல்ல. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தச் சந்தேகத்தால் மருத்துவத்தையே நிறுத்திவிடாதீர்கள், கேட்டுத் தெளிவடையுங்கள்.

கடைசியாக வட அயர்லாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரர், டொம் ஈக்கின். 1970களில், பை கசிகிறது என்ற கவலையோடு கடைக்கு வந்த நோயாளிகளுக்காகக் கையால் இழுத்து, பிசைந்து, எந்த வடிவத்துக்கும் கொண்டுவரக்கூடிய ஒரு வளையத்தைச் செய்தார். தட்டு தட்டையானது. மனித வயிறு தட்டையானது இல்லை: மடிப்பு, குழி, தையல் தழும்பு. அந்தக் குழிகளை நிரப்பத்தான் இந்த வளையம். ஆங்கிலத்தில் சீல் என்றும் ரிங் என்றும் சொல்வது இதைத்தான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, இதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு நேர்ஸ் மிஸ்ஸிடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவ பையைக் கழற்றிப் பார்த்த முதல் நிமிடத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டா. குடல்வாய் ஒபரேஷன் செய்த புதிதில் வீங்கியிருக்கும், முதல் ஆறு எட்டு வாரத்தில் நன்றாகச் சுருங்கிவிடும். மாமா வார்டில் வெட்டிக் கொடுத்த அச்சையே வைத்து ஏழு மாதமாகத் துளை வெட்டியிருக்கிறார். குடல்வாய் சுருங்க, துளை பழைய அளவிலேயே இருக்க, நடுவில் வெறும் தோல். மலம் அந்த வளையத்தில் தேங்கித் தட்டுக்கு அடியால் போயிருக்கிறது. துளை குடல்வாயை விட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று அளவுத்தாளை வைத்துக் காட்டினா.

பிறகு மாமாவைக் கதிரையில் குந்த வைத்துப் பார்த்தா. படுத்திருக்கும்போது தெரியாத ஒரு மடிப்பு, குந்தியதும் குடல்வாயின் ஒரு பக்கத்தில் விழுந்தது. ஸுஜூதில் விட்டதும் அந்தப் பக்கம்தான். அந்த இடத்துக்கு வளையத்தைக் கையில் கொஞ்சம் சூடாக்கி, ஒரு பக்கம் தடிப்பாகப் பிசைந்து வைத்தா.

மாமா இதுவரை பாவித்தது பேஸ்ட். அதைப் பணிஸில் பட்டர் பூசுவது போலத் தட்டு முழுக்கப் பூசியிருக்கிறார். "இது கம் இல்ல, ஐயா. சுவர் வெடிப்புக்குப் போடுற பூச்சு மாதிரி. பள்ளத்துக்கு மட்டும்தான்" என்று மிஸ் சொன்னா. முழுக்கப் பூசினால் தட்டு தோலில் படாமலே போய் வழுக்கும். பல பேஸ்டுகளில் மதுசாரம் இருப்பதால் புண்ணில் எரியவும் செய்யும். தோல் உரிந்து ஈரமாக இருக்கும் இடத்துக்கு ஸ்டோமா பவுடர்: மெல்லியதாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். வட்டிலப்பத்துக்குக் கஜூ தூவுவது போலத் தூவினால் அந்தத் தூளின் மேல் எதுவும் ஒட்டாது. கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும். மாமா ஸ்பிரிட் பூசியிருக்கிறார், காய்ச்சலுக்கு ஒத்தடம் கொடுப்பது போல எண்ணெயும் தடவியிருக்கிறார். எண்ணெய்த் தோலில் எந்த நாட்டுத் தட்டும் ஒட்டாது.

குடல்வாய் தோல் மட்டத்திலோ உள்ளுக்கோ போனவர்களுக்கு, நடுப்பகுதி குவிந்து தோலை அமத்தும் தட்டு இருக்கிறது, அதோடு இடுப்புப் பெல்ட்டும். ஆனால் அதை நாமாகப் பாமஸியில் வாங்கிப் போடக்கூடாது. குடல்வாயைச் சுற்றிக் குடல் பிதுக்கமோ இரத்தநாள வீக்கமோ இருந்தால் அந்த அழுத்தம் கெடுதி. தட்டின் வெளி ஓரத்துக்கு ஒட்டும் பிறை வடிவப் பட்டிகள் நல்லவை, தட்டு சுருளாமல் பிடிக்கும். ஆனால் உள்ளே கசிந்துகொண்டிருக்கும்போது வெளியே பட்டி ஒட்டினால் மலம் தோலிலேயே பூட்டுப்பட்டுப் புண்ணாகும். மாமா அதையும் செய்திருந்தார், சர்ஜிகல் பிளாஸ்டரால், நாலு சுற்று. எரிச்சலோ அரிப்போ தெரிந்தால் மேலே ஒட்டாமல் கழற்றி மாற்றுவதுதான் சரி. குடல்வாய் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், அல்லது வயிற்றுவலியோடு ஒன்றும் வராமல் நின்றால், உடனே ஆஸ்பத்திரி.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தட்டு சீக்கிரம் கரையும். அடுத்தவருக்கு நாலு நாள் நின்றது உங்களுக்கு மூன்று நாள்தான் நிற்கலாம். கசியும் வரை காத்திராமல் நாள் வைத்து மாற்றுங்கள். காலையில் சாப்பிட முன்னர் மாற்றுவது லேசு, அப்போது வெளியே வருவது குறைவு. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலியாக்குங்கள், பாரம் தட்டை இழுக்கும். இலியொஸ்டமி உள்ளவர்கள் நோன்பு பற்றிக் கட்டாயம் முதலில் டொக்டரிடம் கேளுங்கள், உடலில் தண்ணீர் வற்றுவது அவர்களுக்கு மிக வேகம்.

இதற்குப் பிறகு எங்கள் மௌலவியிடம் போனோம். வக்து வந்ததும் வுழூ செய்து தொழலாம், பள்ளியை அசுத்தப்படுத்தும் பயம் இல்லாவிட்டால் தாராளமாக வரலாம் என்றார். ஆக, மாமாவின் ஜும்ஆ அந்த வளையத்தில் வந்து நின்றது.

ஒன்று எஞ்சியிருந்தது, அதைப் பள்ளி நிர்வாகச் சகோதரர்கள் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன். பையைக் காலியாக்கும் ஒருவருக்கு நம் பள்ளிக் கழிப்பறையில் சாரத்தையும் சாமானையும் கொழுவ ஒரு கொக்கி இல்லை, பாவித்த பையைப் போட மூடியுள்ள வாளி இல்லை, நிமிர்ந்து உட்கார ஒரு கொமட் இல்லை. நான் கேட்ட பிறகு கொக்கியும் வாளியும் வந்துவிட்டன, ஜஸாக்கல்லாஹு ஹைரா. கொமட் அடுத்த கூட்டத்தில்.

போன வெள்ளி மாமா வந்தார். கடைசி ஸஃப்பில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு மாற்றுப் பையை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு. தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"மகன், அந்தப் பிரான்ஸ்கார விவசாயி தோல்பையக் கட்டிக்கிட்டு வயலுக்கும் போனானா?"

தெரியாது மாமா, புத்தகத்தில் அதை எழுதவில்லை என்றேன்.

"போயிருப்பான்" என்றார்.